கந்தலுக்கு வந்த காலம்

ஏதென்சு நகரத்து வீதியிலே ஒருவர் நடந்து செல்கிறார். ஆண்டிஸ்தனீஸ் என்பது அவர் பெயர். செல்வத்தை வெறுத்தவர், தேவைகளைக் குறைத்துக் கொண்டவனே விடுதலை பெற்றவன் என்று போதித்தவர், பின்னாளில் 'சினிக்குகள்' என்று பெயர் பெற்ற கூட்டத்தாருக்கு முன்னோடி என்று எண்ணப்பட்டவர். அவருடைய தோளிலே ஒரு மேலாடை. மேலாடையிலே ஒரு கிழிசல். கிழிந்திருந்தது குற்றமன்று, கிழிந்த பக்கம் ஊரார் கண்ணிற் படும்படி அதைத் திருப்பிப் போட்டுக் கொண்டாராம் அவர்! கண்டார் சாக்ரடீஸ். ஆடையிலுள்ள ஓட்டையின் வழியாக உள்ளேயிருக்கும் புகழாசை தெரிகிறது என்னும் பொருள்படக் கேலி பேசினார். தத்துவ அறிஞர்களின் வரலாற்றைத் தொகுத்த டயோஜினிஸ் லேர்ட்டியஸ் இதைக் குறித்து வைத்திருக்கிறார்.

ஏறத்தாழ 2,400 ஆண்டுகள் உருண்டோடிவிட்டன. சாக்ரடீஸ் இல்லை, அந்த மேலாடையும் இல்லை. கேள்வி மட்டும் இன்னும் நைந்து போகாமல் இருக்கிறது. உடுத்த நல்லுடை இருக்கும்போது கிழிந்ததைத் தேடி எடுத்து உடுத்துகிறானே ஒருவன், அவன் யார்? எளிமையை நேசிப்பவனா? எளியவனை நேசிப்பவனா? அல்லது, எளியவனைப்போல் காட்சி தருவதிலே இன்பம் காணும் சீமானா?

ஏட்டுச் சுரைக்காய் அன்று இந்தக் கேள்வி. முழங்கால் கிழிந்த ஜீன்ஸ், சாயம் போன கட்டம் போட்ட சட்டை, தோளிலிருந்து வழிந்து தொங்கும் பின்னல் மேற்சட்டை, தேய்ந்துபோன தடித்த பூட்சு, சீப்பைக் கண்டறியாத தலைமயிர் என்ற இந்தக் கோலத்தை இன்று எந்தப் பெருநகரத்துக் கடைவீதியிலும் காணலாம். 'கிரஞ்ச்' என்று அதற்குப் பெயர். அழுக்கு என்பது அந்தச் சொல்லின் பொருள். அமெரிக்க நாட்டின் வடமேற்கு மூலையிலே 1980களின் இறுதியில் ஒரு புதுவகை இசையோடு பிறந்து, 1990களின் தொடக்கத்தில் உலகெங்கும் பரவி, ஒழிந்ததென்று எண்ணப்பட்டு, புதுப்புது விலைச்சீட்டுகளோடு மீண்டும் மீண்டும் எழுந்து வரும் கோலம் அது. அழுக்குக்கு விலைச்சீட்டு! இந்த வேடிக்கையின் உட்பொருள் என்ன என்று நாம் எண்ணிப் பார்க்கிறோம். எண்ணிப் பார்க்குமாறு தோழர்களையும் அழைக்கிறோம்.

கோலத்தைக் குறை கூறுமுன் அது பிறந்த வீட்டைப் பார்த்துவிட்டு வருவோம். வாஷிங்டன் மாநிலம் - குடியரசுத் தலைவர் வாழும் தலைநகரம் அன்று, பசிபிக் கடலோரத்திலுள்ள மாநிலம். அதன் பெருநகரம் சியாட்டில். ஆண்டிலே ஏறத்தாழ 150 நாள் மழை தூறும் ஊர். அங்கிருந்து தென்மேற்கே சென்றால் அபர்டீன் என்ற சிறு நகரம். வானை முட்டும் மரங்கள் நிறைந்த காடு; காட்டை நம்பி மர அறுவை ஆலைகள்; ஆலைகளை நம்பிக் குடும்பங்கள். மரம் வெட்டுவோர் உடுத்தியது தடித்த பிளானல் சட்டை, அல்லது கம்பளிச் சட்டை. பெரிய பெரிய கட்டங்கள் போட்டது. அண்டை மாநிலமான ஓரிகனில், பெண்டில்டன் என்னும் ஊரின் பெயரையே தன் பெயராகக் கொண்ட நெசவாலை ஒன்று, 1924 முதல் ஆடவருக்கென வண்ணக் கட்டங்களோடு கம்பளிச் சட்டைகள் செய்து விற்றது. குளிர் தாங்க வேண்டும், கிளை கீறினால் கிழியாதிருக்க வேண்டும் என்பவைதாம் அச்சட்டையிடம் உழைப்பாளி எதிர்பார்த்தவை. ஒன்றின்மேல் ஒன்றாக அணிவான். உடல் வியர்க்க வியர்க்க ஒவ்வொன்றாகக் கழற்றுவான். மாலையில் மறுபடி மாட்டிக்கொள்வான்.

1980களில் அந்தக் காட்டு நாட்டைக் கேடு சூழ்ந்தது. எந்திரம் ஆளைக் குறைத்தது. அறுக்கப்படாத தடிகளாகவே மரம் கப்பலேறி அயல்நாடு சென்றது. ஆலைகள் ஒவ்வொன்றாகக் கதவடைத்தன. அந்த அபர்டீனில் 1967இல் பிறந்தவர் கர்ட் கோபேன். தந்தை மோட்டார் வண்டி பழுது பார்ப்பவர். தாயார் உணவு விடுதியிலே பரிமாறியவர். மகனும் ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தைத் துப்புரவு செய்யும் வேலை பார்த்தார். இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் துணிக்கடைக்குப் போவதில்லை. பழந்துணிக் கடைக்குப் போவார்கள். மரம் வெட்டியவன் போட்டுக் கழித்த சட்டை, யாரோ ஒரு பாட்டனார் இறந்தபின் வீட்டார் தானமாகக் கொடுத்த மேற்சட்டை, முழங்கால் தேய்ந்த ஜீன்ஸ் ஆகியவை அங்கே சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். குளிருக்காக இரண்டு மூன்றாக அணிந்தார்கள். கோபேன் தம் மெலிந்த உடலை மறைக்கவும் அப்படி அடுக்கடுக்காக அணிந்தார் என்று அவரைப் பற்றி எழுதியோர் கூறுகின்றனர். இதிலே தத்துவமும் இல்லை, தவமும் இல்லை. தட்பவெப்பமும் தட்டுப்பாடும் இருந்தன, அவ்வளவுதான்.

அந்தச் சட்டையோடுதான் அவர்கள் மேடையேறினார்கள். அன்றைய அமெரிக்க இசைமேடை எப்படி இருந்தது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். பளபளக்கும் உடை, மருந்து தெளித்து விறைக்க வைத்த முடி, மினுமினுக்கும் முகம். மேடைக்கு வெளியே, அலுவலகம் செல்லும் மாதருக்குக்கூடத் தோளிலே பஞ்சுப் பட்டை வைத்துத் தைத்த மிடுக்கு உடை. செல்வத்தைச் சேர்ப்பது மட்டுமல்ல, சேர்த்ததை உடம்பிலே ஒட்டிக்கொண்டு திரிவதும் நாகரிகம் என்று கருதப்பட்ட பத்தாண்டு அது. அந்த மேடையிலே, தெருவில் நின்ற உடையோடு இளைஞர் சிலர் ஏறி நின்றபோது, 'எங்களைப்போல் இருப்போர் எங்களைக் கேட்க எங்களைப்போல்தான் வர வேண்டும். வேறு வேடம் வேண்டா' என்று வாய் திறவாமலே சொன்னார்கள். நிர்வாணா என்ற அவர்களது குழுவின் 'நெவர்மைண்ட்' இசைத்தட்டு 1991 செப்டம்பரில் வெளிவந்தது. 1992 ஜனவரியில் மைக்கேல் ஜாக்சனின் இசைத்தட்டையே கீழே தள்ளிவிட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதலிடத்தில் அமர்ந்தது. பூப்போட்ட பெண்கள் உடையை அணிந்து கோபேன் 1993இல் ஓர் ஆங்கில ஏட்டின் அட்டையிலே காட்சி தந்தார். ஆண் உடை, பெண் உடை என்று கோடு கிழித்து வைத்திருப்போரைச் சீண்டிப் பார்ப்பதிலும் அவருக்கு விருப்பம் இருந்தது. அதையும் நாம் குறையாகக் கூறவில்லை.

இதுவரை எல்லாம் சரி. இல்லாதவன் இருப்பதை உடுத்தினான். இருப்பதை உடுத்தியதற்காக வெட்கப்பட மறுத்தான். அந்த மறுப்பைத் தன்மானம் என்றுதான் நாம் கூறுவோம். அந்த ஆண்டுகளில், அண்ணன் போட்டுக் கழித்த சட்டையோடு பள்ளிக்கூடம் சென்ற ஏழைச் சிறுவன் எவனாயினும், ஓராண்டோ ஈராண்டோ, தலை நிமிர்ந்து வகுப்பறையில் நுழைந்திருக்கக் கூடும். கேலி செய்யக் காத்திருந்தவனும் அதே சட்டையைத்தானே தேடிக் கொண்டிருந்தான்! உடையிலே உயர்வு தாழ்வு பார்க்கும் உலகத்திலே அது சிறு வெற்றியன்று.

ஆனால் சந்தைக்கு மூக்கு நீளம்.

1992 நவம்பர் மாதம் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்லுகிறோம். ஒன்று நகைப்பூட்டுவது, மற்றொன்றும் நகைப்பூட்டுவதுதான், சற்றுக் கசப்பாக. முதலாவது: நியூயார்க் டைம்ஸ் என்ற பெரிய நாளேடு இந்தக் கிரஞ்ச் இளைஞரைப் பற்றிக் கட்டுரை எழுத முனைந்தது. அவர்களுக்கென்று தனிப் பேச்சுவழக்கு இருக்க வேண்டுமே, அதைத் தொகுத்துத் தாருங்கள் என்று சியாட்டில் இசைத்தட்டு நிறுவனம் ஒன்றை நாடியது. அங்கே முன்பு வேலை பார்த்த மெகன் ஜாஸ்பர் என்ற பெண்ணிடம் கேள்வி சென்றது. அப்படிப்பட்ட வழக்கே கிடையாது. அவர் என்ன செய்தார்? வாய்க்கு வந்ததையெல்லாம் அந்த நொடியிலேயே உருவாக்கிச் சொன்னார். கிழிந்த பழைய ஜீன்ஸுக்கு 'வேக் ஸ்லாக்ஸ்' என்று பெயராம். வேலையின்றிப் பொழுது போக்குவதற்கு 'ஸ்விங்கின் ஆன் தி ஃபிளிப்பிட்டி ஃபிளாப்' என்று பெயராம்! நவம்பர் 15ஆம் நாள், ஏதோ புதிய கண்டத்தைக் கண்டுபிடித்தவர்களைப்போல் அந்த ஏடு அகராதியாகவே அதை அச்சிட்டது. பின்னர் வேறோர் இதழ் உண்மையை உடைத்தபோது ஊரே சிரித்தது. ஏழைப் பிள்ளைகளின் வாழ்வை அவர்களிடம் கேளாமல், அவர்களைப் பற்றிய செய்தியை மட்டும் விலைக்கு வாங்க விரும்பியவர்களுக்குக் கிடைத்த சரக்கு, தகுந்த சரக்கு என்பது நம் எண்ணம்.

இரண்டாவது: அதே நவம்பர், அதே நியூயார்க். பெர்ரி எல்லிஸ் என்ற ஆடை நிறுவனத்துக்கு உடை வரைந்து வந்த மார்க் ஜேக்கப்ஸ் என்ற 29 வயது இளைஞர், அடுத்த ஆண்டின் இளவேனில் உடைகளை அரங்கேற்றினார். நவோமி கேம்ப்பெல், கேட் மாஸ் முதலான புகழ்பெற்ற அழகியர் நடந்து வந்தனர். என்ன உடுத்தி? மரம் வெட்டுவோர் சட்டை! ஆனால் பிளானல் அன்று, பட்டு. பிளானல் கட்டங்களைப் பட்டிலே அச்சிட்டிருந்தார்கள். பருத்தி உள்சட்டையைப்போல் தோன்றிய மேலாடை, கைதேர்ந்த தையற்காரர் செய்த விலையுயர்ந்த ஆடை. சில்லறைக் காசுக் கோலத்துக்குச் சீமாட்டிகள் தர வேண்டிய விலை நூற்றுக்கணக்கான டாலர்! சீமாட்டிகளுக்குக் கோபம் வந்தது. மதிப்புரையாளர் பலர் சீறினர். நிறுவனம் ஜேக்கப்ஸை வேலையிலிருந்து அனுப்பியது. அந்த உடைகளிற் சிலவற்றை ஜேக்கப்ஸ் தமக்கும் கோபேனுக்கும் அனுப்பி வைத்ததாகவும், தாங்கள் அவற்றை எரித்துவிட்டதாகவும் கோபேனின் மனைவி கோர்ட்னி லவ் 2010இல் கூறினார். எரிந்த பட்டின் விலையை நினைத்து நாம் வருந்தவில்லை.

வருந்த வேண்டியது வேறொன்று இருந்தது. மரம் வெட்டுவோன் சட்டை பட்டாகி மேடையேறிய அதே ஆண்டுகளில் மரம் வெட்டுவோன் எங்கே இருந்தான்? வீட்டிலே, வேலையின்றி. அருகி வந்த ஒருவகை ஆந்தைக்கு 1990இல் சட்டப் பாதுகாப்புக் கிட்டியது. 1991இல் கூட்டாட்சி அரசின் பழங்காடுகளில் மரம் விற்பதற்கு நீதிமன்றம் பெரும்பாலும் தடை விதித்தது. காட்டைக் காத்தது தவறென்று நாம் கூற வரவில்லை. ஆந்தை வருமுன்னரே எந்திரமும் ஏற்றுமதியும் அவன் வேலையைப் பறித்துக் கொண்டிருந்தன. நாம் சுட்டிக் காட்டுவது ஒன்றுதான்: அவனுடைய சட்டை வேண்டும் என்று நாட்டின் ஒரு முனையிலே கூட்டம் அலைமோதிற்று, மறு முனையிலே அவன் வேண்டாம் என்று ஆலைகள் கதவடைத்தன. சட்டை வேண்டும், சட்டைக்குள் இருந்தவன் வேண்டா!

கிரஞ்ச் கோலத்தை எதிர்ப்போர் பெரும்பாலும் இதைப் பேசுவதில்லை. அவர்கள் பேசுவது ஒழுங்கைப் பற்றி. தலை வாராதவன் தறுதலை. முழங்கால் தெரிபவன் முரடன். கந்தையையும் கசக்கிக் கட்டச் சொன்ன முன்னோர் இவர்களைக் கண்டால் என்ன சொல்வர் என்று பெருமூச்சு விடுகின்றனர். முன்னோர் சொன்னதன் பொருளை இவர்கள் தலைகீழாகப் பிடித்துக் கொண்டார்கள். கந்தை கட்டுவது இழிவன்று, அழுக்கோடிருப்பதே கேடு என்பது அந்த அறிவுரையின் சாரம். கிழிந்த ஜீன்ஸும் துவைத்ததாக இருக்கலாம்; மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டைக்குள்ளே கணக்கைத் திருத்திய கையும் இருக்கலாம். முடியின் நீளத்தைக் கொண்டு முறைமையை அளக்கும் அளவுகோல் எந்தக் கடையில் விற்கிறது என்று தெரிந்தால், அந்தக் கடையை மூடச் சொல்லி முதற்குரல் நாம் கொடுப்போம். உடுத்துவோன் உரிமையில் தலையிட எவருக்கும் உரிமையில்லை. பிறர் உடையைக் கண்டு மூக்கைச் சுளிப்பது எந்த அறத்தின்பாற் பட்டது?

நம்முடைய கேள்வி ஒழுங்கைப் பற்றியதன்று, நேர்மையைப் பற்றியது. கழற்றக் கூடிய கந்தலுக்கும் கழற்ற முடியாத கந்தலுக்கும் உள்ள வேற்றுமையைப் பற்றியது.

கிழிந்த ஜீன்ஸோடு இரண்டு இளைஞர் ஒரு பெரிய உணவு விடுதியின் வாயிலுக்கு வருகின்றனர் என்று வைத்துக் கொள்வோம். ஒருவனுக்குக் காவலாளி சலாம் போட்டுக் கதவைத் திறக்கிறான். மற்றவனை நிறுத்தி, 'யாரைப் பார்க்க வேண்டும்?' என்று கேட்கிறான். கிழிசல் இருவருக்கும் ஒன்றுதான். காவலாளி கிழிசலைப் பார்க்கவில்லை. மணிக்கட்டிலுள்ள கடிகாரத்தைப் பார்த்தான்; பல்வரிசையைப் பார்த்தான்; வந்து நின்ற வண்டியைப் பார்த்தான்; நடையிலே இருந்த அச்சமின்மையைப் பார்த்தான். முதலாமவனுக்குக் கந்தல் ஓர் அணி. நாளை சலித்தால் கழற்றி எறிவான். இரண்டாமவனுக்கு அது அணியன்று, அவன் மீது பிறர் எழுதி ஒட்டிய விலாசம். ஆகவே ஏழையின் உடையை உடுத்திக் கொண்டதனாலேயே ஏழையின் வாழ்வை அறிந்துவிட்டேன் என்று முதலாமவன் கூறுவானாயின், அது பொய். வறுமையின் சாரம் கிழிசலிலே இல்லை; வேறு சட்டை இல்லை என்பதிலே இருக்கிறது.

பொய் என்றோம், பாவம் என்று கூறவில்லை. வேடமிட்டு விளையாடும் ஆசை பழைய ஆசை. பிரெஞ்சு நாட்டு அரசி மாரி அந்துவானெத், வெர்சேல்ஸ் அரண்மனைத் தோட்டத்திலே சிற்றூர் ஒன்றையே கட்டுவித்து, எளிய மஸ்லின் உடையணிந்து உலவினாள். அவள் மஸ்லின் அணிந்ததனால் பிரான்சில் ரொட்டி விலை ஏறவில்லை. ரொட்டி விலை ஏறியபோது அந்த மஸ்லின் அவளைக் காக்கவுமில்லை. இத்தகைய விளையாட்டைக் கண்டால் சாக்ரடீஸைப்போல் கேலி பேசிவிட்டு நாம் போய்விடலாம். ஆனால் விளையாட்டுக்கும் எல்லை உண்டு. 2000ஆம் ஆண்டு ஜனவரியில், பாரிசில் டியோர் நிறுவனத்துக்காக ஜான் கலியானோ அரங்கேற்றிய உடைகள், சேன் ஆற்றங்கரையில் வீடின்றிப் படுத்திருப்போரின் தோற்றத்தைத் தழுவியவை. நாளிதழ்த் தாளைப்போல் அச்சிட்ட துணி, கயிற்றிலே கட்டித் தொங்கவிட்ட காலிப் புட்டிகள்! மரம் வெட்டுவோன் சட்டையிலாவது உழைப்பின் பெருமை ஒட்டியிருந்தது. குளிரில் விறைத்து நடைபாதையிலே சாகக் கிடப்பவனின் போர்வையில் எதைக் கண்டு இவர்கள் மயங்கினார்கள்? அந்த நிறுவனத்தின் வாயிலிலே மக்கள் எதிர்ப்புக் காட்டினர். காட்டியது நியாயம் என்பதே நம் தீர்ப்பு.

பிறகு கூச்சமே அற்றுப் போயிற்று. 1993 நவம்பரில் தொலைக்காட்சி இசை நிகழ்ச்சி ஒன்றிலே கோபேன் அணிந்திருந்த பச்சை நிறப் பின்னல் மேற்சட்டை - ஒரு பொத்தான் இல்லாதது, சிகரெட் சுட்ட துளை உடையது, கறை படிந்தது - 2015இல் 1,37,500 டாலருக்கும், 2019இல் 3,34,000 டாலருக்கும் ஏலம் போயிற்று. அதன் பிறகும் துவைக்கப்படாதது என்பது அதன் சிறப்புகளுள் ஒன்றாகப் பேசப்பட்டது! கோபேன் 1994 ஏப்ரலில், 27 வயதிலேயே, தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டவர். 'நிறுவன ஏடுகள் இன்னும் உருப்படவில்லை' என்ற பொருள்பட எழுதிய சட்டையோடு ஒரு பெரிய நிறுவன ஏட்டின் அட்டைப் படத்துக்கே நின்றவர் அவர். அவர் சட்டையை இன்று பெட்டகத்தில் வைத்துப் பூட்டுகிறார்கள். 1992இல் வேலையை இழக்கக் காரணமான அதே உடைகளை, மார்க் ஜேக்கப்ஸ் 2018இல் தம் சொந்தப் பெயரிலே மறுபடியும் தைத்து விற்றார். அவர் விற்ற பனியனிலுள்ள சிரித்த முகப் படம் எங்களுடையது என்று நிர்வாணாவின் உரிமையாளர் வழக்காடினர். 2024இல்தான் அது சமரசத்தில் முடிந்தது. 2022இல் பலென்சியாகா நிறுவனம், கிழித்து நைந்துபோகச் செய்த காலணிகள் 100 இணைகளை, இணை ஒன்றுக்கு 1,850 டாலர் விலையிட்டு விற்றது. ஏழைக் கோலத்தை ஏழை வாங்க முடியாத காலம் வந்துவிட்டது.

'வாங்குவோன் பணம், விற்போன் திறம், உமக்கென்ன?' என்று கேட்கலாம். விலைச்சீட்டோடு கதை முடிந்தால் நாமும் சிரித்துவிட்டு வேறு வேலை பார்ப்போம். முடியவில்லையே! பழையதாய்த் தோன்றும் புதியது எப்படிச் செய்யப்படுகிறது என்று உள்ளே புகுந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

ஜீன்ஸ் பிறந்த கதை தோழர்கள் பலரும் அறிந்ததாக இருக்கலாம். மரம் வெட்டும் ஒருவரின் மனைவி, தம் கணவருக்கு எளிதிற் கிழியாத காற்சட்டை வேண்டும் என்று நெவாடா மாநிலத்துத் தையற்காரர் ஜேக்கப் டேவிஸிடம் கேட்டார். கிழியும் இடங்களிலே செப்பு ஆணி அடித்துத் தந்தார் அவர். அதற்குத்தான், துணி வணிகர் லீவை ஸ்ட்ராசுடன் சேர்ந்து, 1873 மே 20ஆம் நாள் அரசு உரிமம் பெற்றார். ஆக, கிழியாதிருக்கவே பிறந்த உடை அது. சுரங்கத்திலும் காட்டிலும் தொழுவத்திலும் ஆண்டுக்கணக்காக உழைத்தாலன்றி அது வெளுக்காது, முழங்கால் தேயாது. அந்தத் தேய்மானம், உழைத்தவன் உடல் துணியின்மீது எழுதிய நாட்குறிப்பு. அந்த நாட்குறிப்பு வேண்டும், ஆனால் உழைக்க நேரமில்லை, காத்திருக்கப் பொறுமையில்லை என்று ஒரு கூட்டம் கேட்டால், சந்தை என்ன செய்யும்? ஐந்தாண்டுத் தேய்மானத்தைச் சில நிமிடங்களில் செய்து தர ஆள் தேடும்.

ஆள் கிடைத்தது துருக்கியிலே. கிரஞ்ச் ஒன்றே இதற்குக் காரணம் என்று நாம் பழி சுமத்தவில்லை. தேய்ந்த ஜீன்ஸ் மீது மோகம் அதற்கு முன்னரும் இருந்தது, பின்னரும் பல பெயர்களில் தொடர்ந்தது. ஆனால் தேய்ந்ததே அழகு என்ற எண்ணத்தை ஊரறியச் செய்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. 2000ஆம் ஆண்டையொட்டி இஸ்தான்புல் நகரத்திலே, பதிவு செய்யப்படாத சிறு சிறு பட்டறைகள் பெருகின. காற்றழுத்தக் குழாயினால் மணலைப் புதுத் துணிமீது வேகமாகப் பீய்ச்சுவது தொழில். மணல் துணியை உராய்ந்து வெளுக்க வைக்கும். உடைந்த மணல் நுண்தூளாகி அறையெங்கும் நிறையும். சன்னலைத் திறந்தால் தூசு வெளியே போகும், அண்டை வீட்டார் முறையிடுவர். ஆகவே அடைத்த அறை. முகத்திலே மெல்லிய துணி, அதுவும் இருந்தால். கிழக்கு மாகாணங்களிலிருந்து பிழைக்க வந்த இளைஞர்கள், பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள், அங்கேயே வேலை பார்த்தார்கள். பலர் அந்தப் பட்டறையிலேயே படுத்து உறங்கினார்கள்.

மணலிலுள்ள சிலிக்கா என்னும் பொருள் நுரையீரலிற் படிந்தால் சிலிக்கோசிஸ் என்னும் நோய் வரும். படிந்த தூளை உடலால் வெளியேற்ற இயலாது, தூள் படிந்த இடமெல்லாம் நுரையீரல் வடுவாகி இறுகும், மூச்சு வாங்கும், மாடிப்படி ஏற முடியாது போகும், பிறகு நடக்க முடியாது போகும். மருந்து இல்லை. நெடுங்காலம் சுரங்கத்திலே உழைத்தோருக்கு முதிய வயதில் வரும் நோய் என்று மருத்துவ நூல்கள் கூறி வந்த இது, ஜீன்ஸ் பட்டறையில் மூன்று நான்கு ஆண்டு உழைத்த இளைஞருக்கு வந்தது. காசநோய் என்று முதலில் தவறாக எண்ணப்பட்டவரும் உண்டு. துருக்கி மருத்துவர்கள் இத்தொழிலில் முன்பு ஈடுபட்டிருந்த 145 பேரைச் சோதித்து, 77 பேருக்கு இந்நோய் இருப்பதாக 2008இல் வெளியிட்டனர். பாதிப் பேருக்கு மேல்! 2009 மார்ச்சில் துருக்கி அரசு இந்த முறையைத் தடை செய்தது. 2010இல் பெரிய ஜீன்ஸ் நிறுவனங்கள் சில, இனி இம்முறையில் தேய்த்த துணியை விற்கமாட்டோம் என்று அறிவித்தன. அறிவிப்பு வந்தது, பல குழாய்கள் வங்காள தேசம் முதலிய நாடுகளுக்குக் கப்பலேறின. வேறு சில ஆலைகள் இரசாயனத் தெளிப்புக்கும் ஒளிக்கதிர் எந்திரத்துக்கும் மாறின. மூச்சுக்கு ஏங்கிய இளைஞருக்கு ஓய்வூதியம் தர 2011இல்தான் துருக்கியில் சட்டம் பிறந்தது. பதிவே செய்யப்படாத தொழிலாளர் அல்லவா அவர்கள்? இருந்ததற்கே சான்று இல்லாதவர்கள், நோயுற்றதற்கு எப்படிச் சான்று காட்டுவார்கள்!

இங்கேதான் நம் கேள்வி தன் முழு உருவத்தையும் காட்டுகிறது. சியாட்டில் இளைஞன் அணிந்த கிழிசல் அவனுக்கு இலவசமாக வந்தது. முன்பு உடுத்தியவன் உழைப்பிலே தேய்ந்து, மிச்சமாகக் கிடந்தது. அதை எடுத்து உடுத்தியதால் எவனுக்கும் இழப்பில்லை. எறிய வேண்டிய துணிக்கு மறுவாழ்வு கிடைத்தது. கடைக்காரன் விற்கும் கிழிசல் அத்தகையதன்று. அது மிச்சமன்று, உற்பத்தி. உழைக்காதவன் உழைத்தவனைப்போல் தோன்றுவதற்காக, வேறொருவன் கூடுதலாக உழைத்துத் தேய வேண்டியிருக்கிறது. துணி தேயும்போது அவன் நுரையீரலும் தேய்ந்தது. எளிமையின் தோற்றத்தைப் பெற எளியவனின் மூச்சை விலையாகக் கொடுப்பதற்கு எந்த அழகியல் நியாயம் கற்பிக்கும்? வேடத்தைப் பொய் என்று கூறிக் கேலியோடு விடலாம் என்றோம்; இதைக் கேலியோடு விட நம்மால் ஆகாது. ஆண்டிஸ்தனீஸ் தம் மேலாடையைத் தாமே கிழித்திருந்தாலும் கிழிந்தது அவருடைய துணி மட்டும்தான்.

கிரஞ்ச் கோலத்தில் விருப்பமுள்ள இளைஞருக்கு, நங்கையருக்கு, அதைக் கைவிடுங்கள் என்று நாம் கூறப் போவதில்லை. பழந்துணிக் கடைக்குச் செல்லுங்கள். அண்ணன் சட்டையைக் கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள். புது ஜீன்ஸ் வாங்கினால் சாயம் மாறாத கருநீலமாகவே வாங்கி, உங்கள் முழங்காலே அதைத் தேய்க்கும் வரையில் உடுத்துங்கள். சில ஆண்டுகள் ஆகும். ஆகட்டுமே! தேய்த்து வெளுத்த துணியைக் கடைக்காரர் நீட்டினால், இதை எந்த ஊரில், எந்த முறையில், யார் தேய்த்தார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் அவருக்குத் தெரிந்திராது. பத்துப் பேர் கேட்டால் அவர் மொத்த வணிகரைக் கேட்பார்; மொத்த வணிகர் ஆலையைக் கேட்பார். 2009, 2010ஆம் ஆண்டுகளின் தடைகளும் அறிவிப்புகளும் தாமாக வந்துவிடவில்லை. நோயுற்ற தொழிலாளரும் மருத்துவரும் துணை நின்ற தோழர்களும் ஓயாது கேட்டுக் கேட்டுப் பெற்றவை.

அந்த மருத்துவர்கள், நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, முன்பு சோதித்தவர்களைத் தேடிச் சென்று மறுபடியும் சோதித்தார்கள். பட்டறையை விட்டு விலகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தும், முன்பு நோயில்லை என்று கூறப்பட்டவர்களையும் சேர்த்து ஏறக்குறைய எல்லாருக்கும் நோய் கண்டிருந்தது. ஒன்பது பேரைச் சோதிக்க இயலவில்லை; அவர்கள் இறந்துவிட்டிருந்தார்கள். இறந்தபோது அவர்களுடைய சராசரி வயது 24.